கால் தரையில் இருக்கு: பதறும் நேரத்தில் உடம்பைத் துணைக்கு அழைப்போம்



குழுக் கூட்டத்தில் சேமிப்பு பேசுகிறோம், உள்கடன் பேசுகிறோம், வட்டி, தீர்மானம் எல்லாம் பேசுகிறோம். யாராவது ஒரு உறுப்பினர் "மனசே சரியில்லைக்கா" என்று சொன்னால் மட்டும், "எல்லாம் சரியாப் போயிடும்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறோம். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு என்ன செய்யலாம் என்பதுதான் இந்த மாதப் பாடம்.

முதலில் நாங்கள் செய்த ஒரு தவறைச் சொல்லி ஆரம்பிக்கிறோம்.

நாங்கள் செய்த தவறு

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். நாகை, திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் எத்தனை தென்னை விழுந்தது, எத்தனை கூரை பறந்தது என்று சொல்லி மாளாது. விழுந்த மரத்தை எண்ணினார்கள். பயந்துபோன மனசை யாரும் எண்ணவில்லை.

அதற்கு அடுத்த வருடம் ஆடி மாதம், வேதாரண்யம் பக்கம் ஒரு கிராமத்தில் குழுக் கூட்டம் நடந்தது. ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். ஒரு சகோதரி கணக்கு வாசித்துக்கொண்டிருந்தார். பெயர் வேண்டாம், அக்கா என்றே சொல்கிறோம். திடீரென்று காற்று அடித்தது. பக்கத்து வீட்டுத் தகரம் படபடவென்று அடித்துக்கொண்டது. அக்காவின் குரல் நின்றது. கை உதறியது. நோட்டு கீழே விழுந்தது. "மூச்சு விட முடியல, மூச்சு விட முடியல" என்றார். புயல் அன்று ராத்திரி, கூரைத் தகரம் ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டு போக, இரண்டு பிள்ளைகளையும் மாமியாரையும் கட்டிப்பிடித்துக்கொண்டு சுவர் மூலையில் விடிய விடிய உட்கார்ந்திருந்தவர் அவர்.

நாங்கள் அப்போதுதான் ஒரு பயிற்சிக்குப் போய்விட்டு வந்திருந்தோம். கற்றுக்கொண்டதைச் செய்துவிட வேண்டும் என்ற வேகம். "கண்ணை மூடுங்கக்கா, உள்ளே என்ன நடக்குதுன்னு மட்டும் கவனிங்க" என்றோம். அக்கா கண்ணை மூடினார். அவ்வளவுதான், நடுக்கம் இரண்டு பங்கானது. கண்ணை மூடியதும் அந்த ராத்திரியே திரும்ப வந்துவிட்டது. "புள்ளைங்க எங்க, புள்ளைங்க எங்க" என்று கத்த ஆரம்பித்துவிட்டார். எங்களுக்குக் கை கால் ஓடவில்லை.

அந்தக் குழுவில் மூத்த உறுப்பினர் ஒருவர், எல்லோரும் அப்பாயி என்று கூப்பிடுவார்கள். அவர் எழுந்து வந்தார். சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து அக்காவின் இரண்டு கையிலும் கொடுத்தார். "யாத்தா, கண்ணத் தொற. என்னப் பாரு. இது திண்ணை. பகல் நேரம். புள்ளைங்க பள்ளிக்கூடத்துல இருக்கு. காலக் கீழ ஊனு, நல்லா ஊனு. தண்ணி சில்லுன்னு இருக்கா?" என்று ஒவ்வொன்றாக, அவசரப்படாமல் கேட்டார். அக்கா சொம்பைப் பார்த்தார். பிறகு அப்பாயியைப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் மூச்சு வழிக்கு வந்தது.

பிறகு அக்காவை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனபோது, மனநல ஆலோசகரிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னோம். "அந்தப் பாட்டி செய்ததுதான் சரி. பயந்துபோன ஆளை உள்ளே அனுப்பாதீங்க, வெளியே கொண்டு வாங்க" என்றார். எந்தப் பயிற்சிக்கும் போகாத அப்பாயிக்குத் தெரிந்தது, இரண்டு நாள் பயிற்சி எடுத்த எங்களுக்குத் தெரியவில்லை.

மனநல ஆலோசனையில் இதற்குத் தனிப் பெயரே உண்டு. தமிழில் நாம் "காலூன்றல்" என்று வைத்துக்கொள்வோம்.

உடம்பு என்ன செய்கிறது?

ஒற்றையடிப் பாதையில் நடந்து போகிறீர்கள். நாய் ஒன்று குரைத்துக்கொண்டு பாய்கிறது. ஓடலாமா, வேண்டாமா என்று யோசித்தா ஓடுகிறோம்? மனசு யோசிக்கும் முன்னே கால் ஓடிவிடுகிறது. அந்த நேரத்தில் அட்ரினலின் என்னும் சுரப்பு ரத்தத்தில் கலக்கிறது. நெஞ்சு வேகமாக அடிக்கிறது. மூச்சு மேலோட்டமாக, வேகமாக ஓடுகிறது. கை கால் தசைகள் முறுக்கேறுகின்றன. செரிமானம் மந்தமாகிறது, வாய் வறண்டுபோகிறது. இதெல்லாம் நம்மைக் காப்பாற்ற உடம்பு செய்யும் ஏற்பாடு.

நாய் போன பிறகு இது மெல்ல அடங்க வேண்டும். பெரும்பாலும் அடங்கிவிடும். ஆனால் பெரிய அதிர்ச்சி பட்டவர்களுக்கும், நாள்தோறும் பயத்தோடு வாழ்கிறவர்களுக்கும் சில நேரம் அடங்குவதில்லை. அந்தச் சத்தம், அந்த வாடை, அந்தக் குரல் மாதிரி ஏதாவது ஒன்று வந்தால் போதும், உடம்பு "ஆபத்து, ஆபத்து" என்று மறுபடி மணி அடிக்கிறது. தகரச் சத்தம் கேட்டதும் அக்காவுக்கு நடந்தது அதுதான்.

இது கோழைத்தனம் இல்லை. நடிப்பு இல்லை. காத்து கருப்பும் இல்லை.

நம் ஊர்ப் பேச்சிலேயே இந்த விஷயம் இருக்கிறது பாருங்கள். "அடிவயிறு கலங்குது", "நெஞ்சு படபடங்குது", "தொண்டைய அடைக்குது", "ஈரக்குலை நடுங்குது" என்று சொல்கிறோம். மனசின் கஷ்டத்தை உடம்பின் பாகத்தை வைத்துத்தான் சொல்லி வந்திருக்கிறோம். தலைவலி, உடம்பு வலி, வயிறு சரியில்லை என்று திரும்பத் திரும்ப மருத்துவரிடம் போய், எல்லாப் பரிசோதனையும் செய்து, "ஒண்ணும் இல்லை" என்று திரும்பி வருகிற சகோதரிகள் நம்மிடையே எத்தனை பேர்! சிலருக்கு அந்த வலியில் மனசின் பாரமும் கலந்திருக்கும். அதனால் வலி பொய் ஆகிவிடாது. வலி நிஜம்தான்.

ஏன் உடம்பிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்?

பதறிப்போன நேரத்தில் புத்தி சொன்னால் காதில் ஏறாது. "பயப்படாதே" என்று பத்துத் தடவை சொன்னாலும் பயம் போகாது. ஆனால் கால் தரையில் படுவது தெரியும். கையில் உள்ள சொம்பு குளிர்வது தெரியும். "அந்த ராத்திரி முடிந்துவிட்டது, இப்போது நான் இங்கே இருக்கிறேன்" என்பதை வாயால் சொல்வதைவிட உடம்பால் உணர்த்துவது சுலபம்.

மூச்சும் அப்படித்தான். நெஞ்சு துடிப்பதை நாம் நினைத்தபடி குறைக்க முடியாது. மூச்சை மெதுவாக்க முடியும். மூச்சை இழுக்கும்போது இதயத் துடிப்பு சற்று வேகமாகும், வெளியே விடும்போது சற்று மெதுவாகும். வெளிமூச்சை நீட்டினால் உடம்புக்கு "ஆபத்து இல்லை" என்று செய்தி போகிறது.

உடம்பைக் கவனிப்பது நம் நாட்டில் பௌத்த வழியில் பழங்காலம் தொட்டே இருந்து வந்த பயிற்சி. 1979இல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜான் கபாட்-ஜின் என்பவர், தீராத வலியோடு வந்த நோயாளிகளுக்கு இதைப் பாடமாகக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார். மதம் எதுவும் சேர்க்கவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2020இல் மன அழுத்தத்தைச் சமாளிக்கப் படங்களோடு ஒரு கையேடு வெளியிட்டது. அதில் முதல் பாடமே காலூன்றல்தான். எந்த மதத்தைச் சேர்ந்தவரும், எழுதப் படிக்கத் தெரியாதவரும் செய்யலாம். காசு செலவு இல்லை.

பயிற்சிகள்

பயிற்சி 1: காலூன்றல்

நாற்காலியிலோ திண்ணையிலோ உட்காருங்கள், அல்லது நில்லுங்கள். செருப்பைக் கழற்றிவிட்டால் நல்லது. கண் திறந்தே இருக்கட்டும். இரண்டு பாதத்தையும் தரையில் அழுத்துங்கள். குதிகால் எங்கே படுகிறது, கட்டை விரல் எங்கே படுகிறது என்று பாருங்கள். தரை சுடுகிறதா, குளிர்கிறதா? மண்ணா, சிமெண்டா? விரல்களைத் தரையில் இறுக்கி, பிறகு தளர்த்துங்கள். "கால் தரையில் இருக்கு. நான் இங்க இருக்கேன்" என்று மெதுவாகச் சொல்லிக்கொள்ளுங்கள். ஒரு நிமிடம் போதும். கரண்டி பிடித்துக்கொண்டு அடுப்படியில் நிற்கும்போதும், பஸ்ஸில் நிற்கும்போதும் இதைச் செய்யலாம். பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது.

பயிற்சி 2: ஐந்து, நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று

சுற்றிப் பார்த்துக் கண்ணில் படும் 5 பொருளின் பெயரைச் சொல்லுங்கள்: குடம், முருங்கை மரம், துடைப்பம், ஆடு, காலண்டர். தொட்டுப் பார்க்கக் கூடிய 4 பொருளைத் தொடுங்கள்: சேலை முந்தானை, சுவர், வளையல், பாய். காதில் விழும் 3 சத்தத்தைக் கவனியுங்கள். 2 வாசனை பாருங்கள்: சோப்பு, கறிவேப்பிலை எதுவானாலும் சரி. கடைசியாக ஒரு வாய் தண்ணீர் குடித்து அதன் ருசியைப் பாருங்கள். எண்ணிக்கை தவறினால் பரவாயில்லை. இது பரீட்சை இல்லை.

பயிற்சி 3: ஊதாங்குழல் மூச்சு

அடுப்பு ஊதத் தெரியாத ஆள் நம்மில் உண்டா? மூக்கு வழியாக 3 எண்ணும்வரை மூச்சை இழுங்கள். பிறகு உதட்டைக் குவித்து, சாம்பல் பறக்காமல் கங்கு மட்டும் சிவக்கிற மாதிரி மெதுவாக 6 எண்ணும்வரை ஊதுங்கள். 5 தடவை செய்யுங்கள். மூச்சை அடக்க வேண்டாம், பலமாக இழுக்கவும் வேண்டாம். வேகமாக இழுத்து இழுத்து விட்டால் கை விரல் மரத்து, தலை சுற்றும். ஆஸ்துமா உள்ளவர்களும் நிறைமாதக் கர்ப்பிணிகளும் எண்ணிக்கை பார்க்காமல், தங்களுக்குச் சுலபமான அளவில் செய்தால் போதும். மூச்சைக் கவனித்தால் பயம் கூடுகிறது என்று சிலர் சொல்வார்கள். அவர்கள் இதை விட்டுவிட்டு முதல் பயிற்சியைச் செய்யட்டும்.

பயிற்சி 4: இறுக்கு, தளர்த்து

முஷ்டியை இறுக்கிப் பிடித்து 5 எண்ணுங்கள். பிறகு விடுங்கள். கையில் வரும் வித்தியாசத்தைக் கவனியுங்கள். அதே மாதிரி தோள்பட்டையைக் காது வரை தூக்கி, பிறகு விடுங்கள். அடுத்துப் பாதம். நாள் முழுக்க நடவுக்குக் குனிந்தவர்களும் தையல் மெஷினில் உட்கார்ந்தவர்களும் ராத்திரி படுக்கும் முன் இதைச் செய்து பாருங்கள். வலி உள்ள இடத்தை இறுக்க வேண்டாம்.

பயிற்சி 5: வேலையிலேயே கவனம்

"எங்களுக்கு எங்கே நேரம்?" என்று கேட்பீர்கள். தனியாக நேரம் வேண்டாம். பாத்திரம் கழுவும்போது தண்ணீரின் குளிர்ச்சி, நாரின் சொரசொரப்பு இவற்றை மட்டும் கவனியுங்கள். பூக்கட்டும்போது நாரும் காம்பும் விரலில் படுவதைக் கவனியுங்கள். மனசு கடன்காரன் வீட்டுக்கு ஓடும், மகள் கல்யாணத்துக்கு ஓடும். ஓடட்டும். ஓடியது தெரிந்ததும், மேயப் போன ஆட்டைத் திருப்பி ஓட்டி வருகிற மாதிரி மறுபடி கைக்குக் கொண்டு வாருங்கள். திட்ட வேண்டாம்.

கண்ணை மூடி, பாதத்திலிருந்து தலை வரை உடம்பு முழுவதையும் கவனிக்கும் பயிற்சி ஒன்றும் உண்டு. அது நல்ல பயிற்சிதான். ஆனால் பெரிய அதிர்ச்சி பட்டவர்கள், உடம்பின் மேல் வன்முறை நடந்தவர்கள் அதைத் தனியாகச் செய்ய வேண்டாம். ஆலோசகர் துணையோடு செய்யட்டும். எங்கள் தவறு உங்களுக்கு வேண்டாம்.

ஒரு விஷயம் முக்கியம். வெள்ளம் வந்த பிறகு நீச்சல் பழக முடியாது. மனசு அமைதியாக இருக்கும் நாளிலேயே தினம் இரண்டு நிமிடம் பழகிக்கொள்ளுங்கள். அப்போதுதான் பதறும் நேரத்தில் கை கொடுக்கும்.

பக்கத்தில் உள்ளவர் பதறினால்

செய்ய வேண்டியவை:
- கூட்டம் கூடாமல் ஒருவர் மட்டும் பக்கத்தில் உட்காருங்கள்.
- மெதுவாக, சின்னச் சின்ன வார்த்தையாகப் பேசுங்கள். இது எந்த இடம், என்ன கிழமை, யார் இருக்கிறோம் என்று சொல்லுங்கள்.
- "கையப் பிடிச்சுக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டுத் தொடுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.
- தண்ணீர் கொடுங்கள். காலை ஊன்றச் சொல்லுங்கள்.

செய்யக் கூடாதவை:
- "அழாதே", "இதுக்கெல்லாமா?", "உன்னைவிடக் கஷ்டப்பட்டவங்க இருக்காங்க" என்று சொல்லாதீர்கள்.
- அந்த நேரத்தில் "என்ன நடந்தது, சொல்லு சொல்லு" என்று கிளறாதீர்கள்.
- கண்ணை மூடச் சொல்லி வற்புறுத்தாதீர்கள்.
- கூட்டத்தில் கேட்டதைக் குழாயடியில் பேசாதீர்கள். ஒரு தடவை பேச்சு வெளியே போனால் அடுத்த தடவை யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

இது எதைச் செய்யாது?

இன்னொரு ஊரில் ஒரு சகோதரிக்குப் பைக் சத்தம் கேட்டாலே வயிறு கலங்கும். தவணை வசூலிக்க வருகிறவர் தெருவில் நின்று சத்தம் போட்டுவிட்டுப் போயிருந்தார். அந்தச் சகோதரி ஊதாங்குழல் மூச்சு செய்தார். கடன் குறைந்ததா? ஒரு பைசா குறையவில்லை. ஆனால் கை நடுக்கம் நின்றது. அட்டையை எடுத்துப் பார்த்து, கட்டியது எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்று எண்ண முடிந்தது. கூட்டமைப்புத் தலைவியிடம் வாய் திறந்து சொல்ல முடிந்தது. நுண்கடனுக்கு ரிசர்வ் வங்கி 2022இல் கொண்டுவந்த விதிப்படி, கடன் வாங்கியவரை மிரட்டக் கூடாது, கெட்ட வார்த்தை பேசக் கூடாது, காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் போன் செய்யக் கூடாது. இது தெரிந்த நான்கு பெண்கள் அடுத்த தவணை நாளில் அவர் வீட்டு வாசலில் கூட உட்கார்ந்தார்கள். சத்தம் வரவில்லை.

ஆகவே மூச்சுப் பயிற்சி கடனுக்கு மருந்து ஆகாது. கடனைப் பற்றி யோசிக்கத் தெளிவு தரும்.

அடி உதை நடக்கும் வீட்டிலும் இதேதான். அடி விழும்போது உட்கார்ந்து பாதத்தைக் கவனிக்கச் சொல்லவில்லை. முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள். பெண்கள் உதவி எண் 181. அவசரத்துக்கு 112. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005 நமக்காகவே இருக்கிறது. "மனசை அடக்கிக்கோ" என்று யாராவது இந்தப் பயிற்சியைக் காட்டிச் சொன்னால், அதை ஏற்க வேண்டாம். பொறுத்துப் போகப் பழக்குவது இந்தப் பாடத்தின் நோக்கம் இல்லை.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

- நெஞ்சு வலி, நெஞ்சை அழுத்துவது, இடது கை அல்லது தாடைக்கு வலி பரவுவது, குளிர்ந்த வியர்வை இருந்தால் "மனசுதான் காரணம்" என்று நாமே முடிவு செய்யக் கூடாது. உடனே 108.
- இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் பிடிப்பு இல்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். அரசு மாவட்ட மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது.
- பிரசவத்துக்குப் பிறகு தாய் ஓயாமல் அழுதாலும், குழந்தையைக் கண்டாலே பயந்தாலும் உடனே கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லுங்கள்.
- செத்துவிடலாம் என்ற நினைப்பு வந்தாலோ, அப்படி ஒருவர் சொன்னாலோ அவரைத் தனியே விடாதீர்கள். பூச்சி மருந்து, மாத்திரை இவற்றைக் கைக்கு எட்டாமல் எடுத்து வையுங்கள். 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். இது அரசின் மனநல உதவி எண். இரவு பகல் எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். தமிழக அரசின் 104 எண்ணிலும் பேசலாம்.
- ஏற்கெனவே மனநல மாத்திரை சாப்பிடுகிறவர்கள், பயிற்சி செய்கிறோம் என்று மாத்திரையை நிறுத்தக் கூடாது.

அக்கா இப்போது

அக்கா சில மாதம் ஆலோசனைக்குப் போய் வந்தார். தினமும் காலூன்றல் செய்தார். குழுவில் உள்கடன் வாங்கிக் கூரைத் தகரத்தைப் புது ஆணி போட்டு இறுக்கிக் கட்டினார். இதுவும் வைத்தியம்தான் என்று நாங்கள் நினைக்கிறோம். பாதி பயம் தகரத்தில் இருந்தது.

சென்ற முறை பார்த்தபோது "இப்ப எப்படி இருக்குக்கா?" என்று கேட்டோம். "பயம் வருது. இல்லன்னு சொல்ல மாட்டேன். முன்ன வந்தா போகாது. இப்ப வந்துட்டுப் போயிடுது" என்றார். இதைவிட நன்றாக எங்களால் இந்தப் பாடத்தைச் சொல்ல முடியாது.

குழுக் கூட்டத்தில் பேச

1. பயம், கோபம், துக்கம் வரும்போது உங்கள் உடம்பில் முதலில் எந்த இடம் சொல்கிறது?
2. எந்தச் சத்தம், எந்த நேரம் உங்களைப் பதற வைக்கிறது? சொல்ல விருப்பம் உள்ளவர்கள் மட்டும் சொல்லலாம்.
3. நம் ஊரில் அப்பாயி மாதிரி ஆள் யார்? அவரிடமிருந்து நாம் என்ன கற்றுக்கொள்ளலாம்?
4. நம் குழுவில் ஒருவருக்கு இப்படி நடந்தால், முதலில் பக்கத்தில் உட்காரப் போகிறவர் யார்? மருத்துவமனைக்குக் கூடப் போகப் போகிறவர் யார்?

நான்காவது கேள்விக்கு வந்த பதிலைத் தீர்மான நோட்டில் எழுதி வையுங்கள். 181, 108, 112, 104, 14416 என்ற எண்களை நோட்டின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதுங்கள். அடுத்த கூட்டம் ஆரம்பிக்கும்போது, சேமிப்பு வசூலிக்கும் முன்பு, எல்லோரும் ஒரு நிமிடம் பாதத்தைத் தரையில் ஊன்றி உட்காருங்கள். எப்படி இருந்தது என்று ஊக்குநர் மூலம் எங்களுக்குச் சொல்லி அனுப்புங்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.